ஆயில் என் கையில், பிரேக் அவர்கள் கையில்

வாரன்ட்டி முடிந்த நாளிலிருந்து என் காருக்கு இன்ஜின் ஆயிலைப் பெரும்பாலும் நான்தான் மாற்றுகிறேன். இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "எவ்வளவு மிச்சமாகுது?" உண்மையைச் சொன்னால், ஆயிலில் மட்டும் பார்த்தால் முதல் வருடம் ஒன்றுமே மிச்சமில்லை. ஜாக்கி, தூக்கிய காரைத் தாங்கும் ஜாக் ஸ்டாண்ட், போல்ட்டுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பானர், குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச், ஆயில் பிடிக்கும் தட்டு என்று வாங்கியதிலேயே அந்தப் பணம் கரைந்துவிட்டது. அடுத்த வருடத்திலிருந்து ஓரளவு மிஞ்சியது. ஆனால் பெரிய மிச்சம் வேறொரு இடத்திலிருந்து வந்தது. பழைய சர்வீஸ் பில்களைத் தரையில் பரப்பி ஒவ்வொரு வரியாகப் படித்தபோதுதான் அது எங்கே என்று தெரிந்தது.

வருடாந்தர சர்வீஸ் பில்லில் ஆயில், ஆயில் ஃபில்டர், ட்ரெயின் போல்ட் (ஆயிலை இறக்க அடியில் கழற்றும் போல்ட்) வாஷர் மூன்றும் மேலே இருக்கும். அடுத்து லேபர். அதற்கும் கீழே போனால் இன்ஜின் உள்பக்கத்தைக் கழுவும் இன்ஜின் ஃப்ளஷ், ஆயில் அடிட்டிவ், இன்ஜெக்டர் கிளீனர், ஏசி கிருமிநீக்கம், இன்ஜின் டிரெஸ்ஸிங், அண்டர்பாடி கோட்டிங், கடைசியாக 'கன்ஸ்யூமபிள்ஸ்' என்று எதற்கென்றே புரியாத ஒரு தொகை. என் பில்களில் மேல்பாதியைவிடக் கீழ்ப்பாதிதான் கனம். அந்தக் கீழ்ப்பாதியில் முக்கால்வாசி, காரை விடும்போது கவுன்ட்டரில் வாய்வார்த்தையாகச் சேர்ந்தது. "சார், இன்ஜின் ஃப்ளஷ் போட்டுடலாமா? கிலோமீட்டர் ஆயிடுச்சே" என்பார் சர்வீஸ் அட்வைசர். அவரைத் திட்டிப் பயனில்லை. பல இடங்களில் அவருக்கு மாத இலக்கு உண்டு, ஊக்கத்தொகையும் உண்டு. நான் கற்றுக்கொண்ட பதில் இதுதான்: "மேனுவல்ல எந்தப் பக்கத்துல இருக்குன்னு காட்டுங்க, போட்டுடலாம்." பெரும்பாலும் பேச்சு வைப்பர் பிளேடு பக்கம் திரும்பிவிடும்.

ஆயிலில் சேர்க்கும் அடிட்டிவ் பற்றி எனக்குக் கொஞ்சம் கறாரான கருத்து உண்டு. கடையில் வாங்கும் ஆயிலிலேயே டிடர்ஜென்ட், அமிலத்தை முறிக்கும் சேர்மம், தேய்மானத் தடுப்பு, நுரைத் தடுப்பு எல்லாம் அளந்துதான் கலந்திருக்கிறார்கள். அந்தக் கலவையாகத்தான் அதைச் சோதித்துத் தரச்சான்றும் வாங்குகிறார்கள். அதன் தலையில் இன்னொரு பாட்டிலைக் கவிழ்த்தால், சோதிக்கப்படாத ஏதோ ஒன்று இன்ஜினில் ஓடும். நல்ல ஆயிலை நேரத்துக்கு மாற்றுகிறவருக்கு அந்தப் பாட்டில் வேண்டாம்.

லேபர் விஷயத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. பெரிய சர்வீஸ் சென்டர்களில் உண்மையில் ஆன நேரத்துக்குக் காசு வாங்குவதில்லை. இந்த வேலைக்கு இவ்வளவு நேரம் என்று ஒரு அட்டவணை இருக்கும், அதன்படிதான் பில். லிஃப்ட்டில் ஏற்றிய காருக்கு ஆயில் மாற்றப் பழகிய கைக்கு அதிக நேரம் பிடிக்காது. தவிர, ஆயில் மாற்றும் வேலை பொதுவாகப் புதிதாகச் சேர்ந்த பையன்களிடம்தான் போகும். அதில் தப்பில்லை, எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். ஆனால் அனுபவசாலி மெக்கானிக்கின் கைக்குத்தான் காசு கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் முதன்முதலில் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றப் போனபோது அது அசையவே இல்லை. காற்றழுத்தத் துப்பாக்கியால் இறுக்கியிருக்கிறார்கள். ஸ்பானருக்கு நீளமான பைப் மாட்டி, காலை ஊன்றி இழுத்த பிறகே கொடுத்தது. வாஷர் நசுங்கிக் காகிதம்போல் ஆகியிருந்தது. முந்தைய பில்லில் புது வாஷருக்கு ஒரு வரி இருந்தது என்பது கூடுதல் தகவல்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சில டீலர்கள் ஆயில் மாற்றத்தை அடக்க விலைக்கே, சில சமயம் அதற்கும் கீழே தருகிறார்கள். கார் உள்ளே வந்தால் போதும், மற்றதை விற்றுக்கொள்ளலாம் என்பது கணக்கு. அப்படி ஒரு சலுகை வரும்போது, அதே தரத்து ஆயிலைக் கடையில் வாங்கும் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். அவர்களுடையது குறைவென்றால் தயங்காமல் அங்கே விடுகிறேன், ஆயிலை மட்டும் மாற்றச் சொல்லி. மொத்தமாக டிரம்மில் வாங்குகிறவர்களோடு ஒரு கேன் வாங்குகிறவன் விலையில் போட்டி போட முடியாது.

எப்போது மாற்றுவது என்பதில்தான் பலரும் பணத்தை விடுகிறார்கள். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பது பழைய கார்களின், பழைய மினரல் ஆயிலின் கணக்கு. இன்றைய கார்களில் பலவற்றுக்கு மேனுவலே 10,000 அல்லது 15,000 கிலோமீட்டர், இல்லையென்றால் ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது என்று சொல்கிறது. ஆனால் அதே மேனுவலில் இன்னொரு அட்டவணையும் இருக்கும், கடினமான பயன்பாட்டுக்கு. தூசி, நெரிசலில் நின்று நின்று போவது, பாரம் இழுப்பது எல்லாம் அதில் வரும். பலர் கவனிக்காத ஒன்றும் வரும்: குறைந்த தூர ஓட்டம். தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடி நிற்கும் காரில் ஆயில் முழுச் சூட்டை எட்டுவதே இல்லை. உள்ளே சேரும் ஈரமும் எரியாத எரிபொருளும் ஆவியாகிப் போகாமல் ஆயிலிலேயே தங்கிவிடும். "என் வண்டி ஓடுறதே இல்லையே" என்று ஆயில் மாற்றாமல் வைத்திருப்பவரின் ஆயில், நெடுஞ்சாலையில் ஓடிய காரின் ஆயிலைவிட மோசமாக இருக்கக்கூடும். நிறத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லவும் முடியாது. டீசல் இன்ஜினில் புது ஆயில் சீக்கிரமே கறுத்துவிடும். கரியைத் தன்னோடு பிடித்து வைத்திருப்பது அதன் வேலை.

சொந்தமாக மாற்ற நினைக்கிறவருக்கு உடல் உழைப்பைவிட ஆயில் தேர்வுதான் முக்கியம் என்பேன். கேனில் இருக்கும் 5டபிள்யூ-30 போன்ற எண் கெட்டித்தன்மையை மட்டும்தான் சொல்கிறது: குளிரில் எப்படி ஓடும், 100 டிகிரி செல்சியஸில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்று. தரம் வேறு முத்திரைகளில் இருக்கிறது. பெட்ரோல் கார்களுக்கு, அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏபிஐயின் எஸ்பி என்ற வகை 2020-ல் வந்தது. நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ இன்ஜின்களில் குறைந்த வேகத்தில் எரிபொருள் முன்கூட்டியே பற்றி பிஸ்டனைப் பதம் பார்க்கும் கோளாறைத் தடுக்கும் சோதனையும் அதில் சேர்ந்தது. புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் துகள் வடிகட்டி உள்ள டீசல் காருக்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில் வேண்டும். ஐரோப்பிய கார் கம்பெனிகளின் சங்கமான ஏசிஇஏவின் சி2, சி3 போன்ற வகைகள் அதற்கானவை. எண் பொருந்துகிறதே என்று வேறு வகை ஆயிலை ஊற்றினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், அதன் விலையைக் கேட்டால் மிச்சம் பிடித்த ஆசையே போய்விடும்.

ஐரோப்பிய கார் வைத்திருப்பவர்கள் இன்னும் ஒரு படி போக வேண்டும். ஃபோக்ஸ்வாகன் 504 00 / 507 00, மெர்சிடிஸ் 229.51, பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-04 என்று கம்பெனியே தரும் ஒப்புதல் எண்கள் உண்டு. கேனின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். 'அப்ரூவல்' என்ற தலைப்பின் கீழ் அந்த எண் இருந்தால், கார் கம்பெனி சோதித்து ஒப்புக்கொண்டது. 'ஏற்றது', 'பரிந்துரைக்கப்படுகிறது' என்ற தலைப்பின் கீழ் இருந்தால், ஆயில் விற்பவர் தன் பொறுப்பில் சொல்லிக்கொள்வது. இரண்டும் ஒரே கேனில் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகியிருக்கும்.

இனி வேலைக்கு வருகிறேன். இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிடுவேன். கை பொறுக்கும் சூட்டில் ஆயில் நன்றாக இறங்கும், கசடையும் கூட்டிக்கொண்டு வரும். நெடுந்தூரம் ஓடி வந்த கையோடு கழற்றினால் கை வெந்துவிடும். சமதளம், ஹேண்ட் பிரேக், பின்சக்கரத்துக்குக் கட்டை, மேனுவலில் காட்டியிருக்கும் இடத்தில் ஜாக்கி, பிறகு ஜாக் ஸ்டாண்ட். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். ஜாக்கியை நம்பிக் காருக்குக் கீழே தலையை நீட்டக் கூடாது, ஒரு நிமிடம்தானே என்றாலும் கூடாது. ஸ்டாண்டில் இறக்கிய பிறகு காரைப் பக்கவாட்டில் நன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டே படுக்கிறேன். ஸ்டாண்ட் வாங்க மனமில்லாதவர் சர்வீஸ் சென்டருக்கே போகட்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

கீழே போவதற்கு முன் மேலே ஆயில் மூடியைத் திறந்து வைப்பேன், இறங்குவது சீராக இருக்கும். ஃபில்டர் கழலுமா என்றும் அப்போதே கையால் அசைத்துப் பார்த்துவிடுவேன். எல்லா ஆயிலையும் இறக்கிய பிறகு ஃபில்டர் துருவேறிப் பிடித்திருக்கிறது என்று தெரிந்தால் ஓட்டிப் போகவும் முடியாது. எந்த போல்ட் என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். கியர்பாக்ஸுக்கும் கீழே ஒரு ட்ரெயின் போல்ட் உண்டு, பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கியர்பாக்ஸ் ஆயிலை இறக்கிவிட்டு, ஏற்கெனவே நிறைந்திருக்கும் இன்ஜினில் மேலும் நாலு லிட்டர் ஊற்றியவர்கள் உண்டு. ஒரே நாளில் இரண்டையும் கெடுக்கும் வழி அது. கறுப்பாக வந்தால் பெரும்பாலும் இன்ஜின் ஆயில், ஆனால் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. சிவப்பாகவோ பச்சையாகவோ தெளிவாக வந்தால் உடனே போல்ட்டை மூடிவிட்டு யோசிக்க வேண்டும்.

ஸ்பானரால் பிடிப்பைத் தளர்த்திய பிறகு மீதியை விரலால் கழற்றுவேன், போல்ட்டை உள்நோக்கி அழுத்திக்கொண்டே. அழுத்திக்கொண்டே இருக்கும்வரை அதிகம் வராது. மரை முடிந்தது விரலுக்குத் தெரியும், அப்போது சட்டென்று பக்கவாட்டில் இழுத்துவிட வேண்டும். ஆயில் நேர்கீழாக விழாது. முதலில் வில்போல் வளைந்து ஒரு முழம் தள்ளிப் போய் விழும், அளவு குறையக் குறைய வளைவு சுருங்கி போல்ட் துளைக்கு நேர்கீழே வரும். தட்டைத் துளைக்குக் கீழே வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தால் தரை நாசம். காற்றடித்தால் கடைசி மெல்லிய இழை எங்கே போகும் என்றே சொல்ல முடியாது. பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்துக் கீழே விரித்து வைத்தால் மிச்சமெல்லாம் அதில் போகும். நைட்ரைல் கையுறை அவசியம். பழைய ஆயில் தொடர்ந்து தோலில் படுவது புற்றுநோய் வரை கொண்டுபோகலாம்.

ஆயில் வடிகிற நேரம் எனக்குப் பிடித்த நேரம். படுத்த இடத்திலிருந்தே டார்ச் அடித்து எல்லாவற்றையும் பார்த்துவிடுவேன். ட்ரைவ்ஷாஃப்ட் ரப்பர் கவர் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா, ஷாக் அப்சார்பரில் ஈரம் இருக்கிறதா, டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கிறதா. உள்விளிம்புத் தேய்மானம் நின்றுகொண்டு பார்த்தால் கண்ணில் படவே படாது. வடிந்த ஆயிலையும் ஒரு குச்சியால் கிளறிப் பார்ப்பேன். வெளிச்சத்தில் மினுமினுவென்று உலோகத்தூள் தெரிந்தால் உள்ளே ஏதோ தேய்கிறது. பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் கூலன்ட் கலந்திருக்கலாம். பெட்ரோல் நெடி தூக்கலாக இருந்தால் குறைந்த தூர ஓட்டமோ இன்ஜெக்டர் கோளாறோ. இவற்றில் எதையும் சர்வீஸ் சென்டரில் யாரும் எனக்குக் காட்டியதில்லை.

புது ஆயில் ஊற்றுவதைக் குழந்தைகூடச் செய்யும். கவனம் வேண்டியது ஆயிலை அடைத்து வைக்கும் இரண்டு இடங்களில். முதலாவது ஃபில்டர். பழையதைக் கழற்றும்போது அதன் ரப்பர் கேஸ்கட் சில சமயம் இன்ஜின் முகத்திலேயே ஒட்டிக்கொண்டுவிடும். அதைக் கவனிக்காமல் புது ஃபில்டரை மாட்டினால் கேஸ்கட் மேல் கேஸ்கட். இறுக்கும்போது சரியாகத்தான் தெரியும், இன்ஜின் ஓடி அழுத்தம் ஏறியதும் ஒன்று நழுவி மொத்த ஆயிலும் சாலையில். அதனால் கழற்றிய ஃபில்டரைத் திருப்பிப் பார்த்து, அதில் ரப்பர் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே மேற்கொண்டு நகர்வேன். புது கேஸ்கட்டில் விரலால் கொஞ்சம் ஆயில் தடவி, கையால் திருகி, ரப்பர் முகத்தைத் தொட்ட இடத்திலிருந்து முக்கால் சுற்று. சில ஃபில்டர்களில் அளவு அதன் உடம்பிலேயே அச்சாகியிருக்கும், அதுதான் கணக்கு. ஃபில்டர் ரெஞ்ச் கழற்ற மட்டும், மாட்ட அல்ல. பிளாஸ்டிக் மூடிக்குள் காகித ஃபில்டர் உள்ள கார் என்றால் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தைச் சரியான பள்ளத்தில் பார்த்து உட்கார வைக்க வேண்டும். அந்த மூடியை முரட்டுத்தனமாக இறுக்கினால் விரிசல் விடும்.

இரண்டாவது ட்ரெயின் போல்ட். வாஷர் புதிதாக இருக்க வேண்டும். செம்பிலோ அலுமினியத்திலோ செய்த அந்தச் சிறு வளையம் நசுங்கித்தான் கசிவை அடைக்கிறது, ஒருமுறை நசுங்கியதற்கு இரண்டாம் தடவை அந்தச் சக்தி இல்லை. பழைய மெக்கானிக் ஒருவர் எனக்குச் சொன்னது: "தம்பி, முதல் மூணு சுத்து வெறும் விரல்ல போகணும். போகலேன்னா ஸ்பானரைத் தொடாதே, கழட்டிட்டு மறுபடி வை." ஆயில் தங்கும் அடித்தட்டான சம்ப் பல கார்களில் அலுமினியம், போல்ட் இரும்பு. கோணலாக ஏற்றினால் அலுமினிய மரைதான் போகும், மரை போனால் சம்ப்பையே மாற்ற வேண்டி வரலாம். பல சிறிய பெட்ரோல் கார்களில் 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். உங்கள் காருக்கான எண்ணைப் பார்த்து டார்க் ரெஞ்சில் வையுங்கள். கைப்பலத்தை நம்புகிறவர்கள் எல்லோரும் அளவுக்கு மீறி இறுக்கத்தான் செய்கிறார்கள், தளர்வாக விட்டவரை நான் பார்த்ததில்லை.

ஊற்றும்போது மேனுவலில் உள்ள அளவுக்கு அரை லிட்டர் குறைவாக நிறுத்திக்கொள்வேன். அங்கே இரண்டு அளவு இருக்கும், ஃபில்டரோடு, ஃபில்டர் இல்லாமல். இன்ஜினைப் போட்டால் சில நொடிகளில் ஆயில் விளக்கு அணைய வேண்டும். அணையவில்லை என்றால் உடனே நிறுத்த வேண்டும். ஒரு நிமிடம் ஓடவிட்டு, கீழே இரண்டு இடத்தையும் டார்ச் அடித்துப் பார்த்து, நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து, கார் சமதளத்தில் நிற்கும்போது டிப்ஸ்டிக் பார்த்து மீதியைச் சேர்ப்பேன். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. அதிகமானால் கிராங்க்ஷாஃப்ட் சுழலும்போது ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரைக்குத் தாங்கும் சக்தி கிடையாது.

வாரன்ட்டி உள்ள கார் என்றால் நான் சொந்தமாகச் செய்யச் சொல்ல மாட்டேன். சட்டம் சில இடங்களில் வாடிக்கையாளர் பக்கம் இருக்கிறது. அமெரிக்காவில் 1975-ன் மாக்னசன்-மாஸ் சட்டப்படி, குறிப்பிட்ட பிராண்டு பொருளையோ சேவையையோ இலவசமாகத் தராமல் அதையே வாங்கினால்தான் வாரன்ட்டி என்று கம்பெனி கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் சட்டம் இருப்பதும் இன்ஜின் போன நேரத்தில் அதைக் காட்டி வாதாடுவதும் வேறு வேறு வேலை. வாரன்ட்டி முடிந்தும்கூட ஆயில் பில், ஃபில்டர் பில், தேதி, ஓடோமீட்டரின் படம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வைக்கிறேன். விற்கும்போது கேட்பார்கள். டைமிங் பெல்ட்டே ஆயிலுக்குள் ஓடும் இன்ஜின் வைத்திருப்பவர் ஆயில் வகையில் துளியும் மாறக் கூடாது. தவறான ஆயிலில் பெல்ட் ஊறி உதிரும், உதிர்ந்த துகள் ஆயில் பம்ப்பின் வாயை அடைக்கும்.

பழைய ஆயில் சாக்கடைக்கோ மண்ணுக்கோ போகக் கூடாது. புது ஆயில் வந்த கேனிலேயே ஊற்றி மூடி, ஃபில்டரை ஒரு இரவு கவிழ்த்து வடியவிட்டு, கழிவு ஆயில் எடுக்கும் இடத்தில் கொடுத்துவிடுவேன். பல பணிமனைகளும் ஆயில் கடைகளும் வாங்கிக்கொள்ளும். கூலன்டையோ பிரேக் ஆயிலையோ அதோடு கலந்துவிட்டால் வாங்க மாட்டார்கள், மறுசுத்திகரிப்புக்கு ஆகாது.

சர்வீஸ் சென்டரை நான் விட்டுவிடவில்லை. பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கொருமுறை அவர்கள்தான் மாற்றுகிறார்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், கொதிநிலை குறையும், ஏபிஎஸ் உள்ள காரில் பிரேக் குழாயில் காற்று தங்காமல் மாற்ற அவர்களிடம் உள்ள கருவி நல்லது. மென்பொருள், ரீகால் (கோளாறைச் சரிசெய்யக் கம்பெனியே காரைத் திரும்ப அழைப்பது), ஏர்பேக் எல்லாம் அவர்கள் வேலை. காரை விடும்போது ஜாப் கார்டில் "ஆயில் மாற்ற வேண்டாம்" என்று என் கண்ணெதிரே எழுதச் சொல்கிறேன். எழுதாவிட்டால் பழக்கதோஷத்தில் போன மாதம் ஊற்றிய ஆயிலை இறக்கிவிடுவார்கள், பில்லும் வரும்.